மூச்சடைத்துக் கிடந்த பெல்லட் அடுப்பு

இரண்டு ஆண்டுகளாக ஒரு ஷெட்டின் மூலையில் கிடந்த அடுப்பு இது. விற்றவர் எதையும் மறைக்கவில்லை. பற்றவைத்தால் எரியும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும், கன்ட்ரோல் போர்டையே புதிதாக வாங்கிப் போட்டும் சரியாகவில்லை, அலுத்துப்போய் ஓரமாகத் தள்ளிவிட்டேன் என்றார். போர்டு மாற்றிய விஷயத்தைக் கேட்டதும்தான் இதை வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. புது போர்டு போட்டும் அதே கோளாறு என்றால், கோளாறு போர்டில் இல்லை. மிச்சம் இருப்பதெல்லாம் கழற்றி, கையில் வைத்துப் பார்க்கக்கூடிய சாமான்கள்தான்.

அறையைச் சூடாக்கும் இந்தப் பெல்லட் அடுப்பைப் பார்த்திராதவர்களுக்காக அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெல்லட் என்பது மரத்தூளை மிகுந்த அழுத்தத்தில் துளைகள் வழியாகப் பிதுக்கிச் செய்யும் சின்ன உருளை. பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். தனியாகப் பசை வேண்டியதில்லை. அழுத்தத்தில் உண்டாகும் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகி, ஆறும்போது தூளைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பெல்லட்டைக் கொட்டி வைக்கும் தொட்டி ஹாப்பர். அதன் அடியில் ஆகர் என்கிற திருகுத்தண்டு. அதைச் சுற்றும் மோட்டார் சில நொடி ஓடும், சில நொடி நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் பெல்லட் மேலேறி, சரிவுக் குழாய் வழியாக எரிகிண்ணத்தில் விழும். கிண்ணத்தின் அடியில் இருக்கும் துளைகள் வழியாகக் காற்று வந்து அதை எரிக்கும்.

அந்தக் காற்று எப்படி வருகிறது என்பதுதான் முக்கியம். விறகடுப்பில் சூடான புகை உயரமான புகைபோக்கியில் மேலேறும்போது தானாகவே இழுவை உண்டாகும். இங்கே அந்த வேலையைப் புகை வெளியேறும் பக்கத்தில் இருக்கும் ஒரு விசிறி செய்கிறது. அது புகையை வெளியே தள்ளுவதால் தீப்பெட்டிக்குள், அதாவது நெருப்பு எரியும் அறைக்குள், அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்பத்தான் புதுக்காற்று கிண்ணத்தின் துளைகள் வழியாக உள்ளே வருகிறது. அறைக்குச் சூட்டை அனுப்பும் விசிறி வேறு. அந்தக் காற்றும் புகையும் எங்கேயும் கலக்காது. 1980களில் வீட்டுக்கான பெல்லட் அடுப்பை உருவாக்கிய முன்னோடியான ஜெரி விட்ஃபீல்ட் ஒரு விமானப் பொறியாளர். இந்த அடுப்பைக் கழற்றிப் பார்க்கப் பார்க்க அது பொருத்தம்தான் என்று பட்டது. நெருப்பைவிடக் காற்றைப் பற்றித்தான் இதில் அதிகம் யோசித்திருக்கிறார்கள்.

அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் காற்று போகும் வழியை வரைந்துகொண்டேன். வெளிக்காற்றுக் குழாய், கிண்ணம், தீப்பெட்டி, வெப்பப் பரிமாற்றக் குழாய்கள், பின்பலகைக்குப் பின்னால் இருக்கும் அறை, விசிறி, புகைக்குழாய். இந்த வரிசையில் எங்கே அடைத்தாலும் அடுப்பு நிற்கும். இந்த வரிசைக்குள் வேறு எங்கிருந்தாவது காற்று புகுந்தாலும் இழுவை கெட்டு நிற்கலாம். இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டுதான் மொத்த வேலையும் நடந்தது. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஒயரையும் போட்டோ எடுத்து, மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டினேன். பிளக்கைப் பிடுங்கி, யாரும் தெரியாமல் சொருகிவிடாதபடி அதை அடுப்பின் மேலேயே சுருட்டிக் கட்டி வைத்தேன்.

ஆனால் முதலில் ஹாப்பரைக் காலி செய்ய வேண்டியிருந்தது. விற்றவர் கடைசியாகக் கொட்டிய பெல்லட்டை எடுக்கவில்லை. இரண்டு மழைக்காலம் அது ஈரத்தைக் குடித்திருக்கிறது. மேலே இருந்தவை பார்க்கப் பெல்லட் போலவே இருந்தன. விரலால் நசுக்கியதும் பொலபொலவென்று தூளாகிவிட்டன. அள்ளி எடுத்தேன். ஒரு சாண் ஆழத்துக்குப் பிறகு கை இறங்கவில்லை. ஊதிப்போன தூள் திருகுத்தண்டைச் சுற்றி இறுகி, காய்ந்து, கல்லாக நின்றது. இந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கரைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். கூடாது. தண்ணீர் பட்டால் மிச்சமிருக்கும் பெல்லட்டும் ஊதி இன்னும் இறுகும், தண்டும் துருப்பிடிக்கும். மழுங்கிய உளியும் நீளமான ஸ்க்ரூ டிரைவரும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து, வேக்கம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தேன். இதற்கே ஒரு பகல் போனது.

தண்டின் நுனி தெரிந்த பிறகு மோட்டாரைக் கழற்றிவிட்டு, தண்டைப் பைப் ரெஞ்சால் பிடித்து எதிர்ப்பக்கமாகத் திருப்பினேன். நகரவில்லை. துரு இளக்கும் எண்ணெயைத் தண்டு உட்காரும் புஷ்ஷில் விட்டு ஒரு இரவு வைத்தேன். மறுநாள் காலையில் லேசாக அசைந்தது. முன்னும் பின்னும் கால் சுற்று, அரைச் சுற்று என்று ஆட்டி ஆட்டி, கடைசியில் கையோடு வந்துவிட்டது. திருகின் இலைகள் முழுக்கத் துரு. உப்புத்தாளால் தேய்த்து, விரல் வைத்தால் வழுக்கும் அளவுக்கு மழமழப்பாக்கினேன். இது அழகுக்காகச் செய்யும் வேலை இல்லை. இலை சொரசொரப்பாக இருந்தால் பெல்லட் அதில் உரசி நொறுங்கித் தூளாகும், தூள் சேர்ந்தால் மறுபடியும் அடைப்பு. எண்ணெய் தடவவில்லை. எண்ணெயில் தூள் அப்பிக்கொள்ளும்.

அடுத்தது சாம்பல். வீட்டு வேக்கம் கிளீனரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பெல்லட் சாம்பல் முகப்பவுடர் மாதிரி மென்மையானது. சாதாரண வடிகட்டி வழியாகப் புகுந்து பின்பக்கமாக அறை முழுவதும் பரவிவிடும். நேற்று வரை எரிந்த அடுப்பு என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு, சாம்பலுக்குள் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாம்பலுக்கென்றே உலோகத் தொட்டியோடு வரும் வேக்கம் கிளீனரை இரவல் வாங்கினேன். முகமூடியும் போட்டுக்கொண்டேன்.

தீப்பெட்டி, சாம்பல் தட்டு, வெப்பப் பரிமாற்றக் குழாய்கள் எல்லாம் சுலபமாகச் சுத்தமாகின. அப்போதுதான் தாளில் வரைந்ததைப் பார்த்தேன். குழாய்களிலிருந்து விசிறிக்குப் போகும் புகை தீப்பெட்டியின் பின்சுவருக்குப் பின்னால்தான் கீழே இறங்க வேண்டும். அந்த அறையை நான் இன்னும் பார்க்கவே இல்லை. பின்சுவர் செங்கல் வடிவம் பதித்த ஒரு வார்ப்புப் பலகை. விரல் முட்டியால் தட்டினேன். மேல்பக்கம் கணீரென்று ஒலித்தது. கீழே வரவர ஓசை மங்கி, அடியில் மணல் மூட்டையைத் தட்டுவது போல் தொப்தொப்பென்று கேட்டது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தேடினதில், மேல் ஓரத்தில் சாம்பல் அப்பிய இரண்டு திருகுகள் கிடைத்தன. தலையைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, ஒருவழியாகத் திருப்பினேன். பலகை முன்னால் சாய்ந்ததும் சாம்பல் சத்தமில்லாமல் என் முழங்கால் மேல் சரிந்தது. அள்ளினேன், அள்ளினேன், ஒரு வாளி நிறைந்து இரண்டாவது வாளியிலும் பாதி வந்தது. விசிறிக்குப் போகும் வாயில் முக்கால்வாசிக்கு மேல் மூடியிருந்தது. அடியில் கடைசியாக ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் சந்து.

விற்றவருக்கு அன்று மாலையே போன் செய்தேன். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அந்தப் பலகை கழன்று வருமா என்று கேட்டார். அவர் வாரா வாரம் அடுப்பைத் துடைத்து, கண்ணாடி வரை பளபளப்பாக வைத்திருந்த மனிதர். கண்ணுக்குத் தெரிந்த இடமெல்லாம் சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. இப்படி ஒரு அறை இருப்பதையே அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கை எட்டாத மூலைகளுக்கு, இலை ஊதும் ப்ளோயரின் உறிஞ்சும் வாயைப் புகைக்குழாயின் வெளிமுனையில் துணி சுற்றிப் பொருத்தி இழுத்தேன். இதை வெட்டவெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். சாம்பல் மேகமாக எழும்பும். அதற்கு முன், உள்ளே இழுவை இருக்கிறதா என்று பார்க்கும் வேக்கம் சுவிட்சின் குழாயைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இழுப்பில் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். இழுப்பு நடக்கும்போதே குழாய்களை மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன். முதலில் சாம்பல் நிறத்தில் வந்த புகை ஐந்து நிமிடத்தில் வெளுத்து, பிறகு நின்றது.

புகை விசிறியைக் கழற்றியபோது அதன் இலைகள் ஒவ்வொன்றிலும் சாம்பல் கெட்டியாக ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் கனமாகி, சுற்றும்போது நடுங்கியிருக்கும். பழைய டூத் பிரஷும் மரக்குச்சியும் போதும், இலையை வளைத்துவிடாமல் சுரண்ட வேண்டும். மோட்டாரின் இரண்டு புஷ்களிலும் இரண்டிரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டேன். துரு இளக்கும் ஸ்ப்ரேயை இங்கே அடிக்கக் கூடாது. அது இருக்கிற எண்ணெயையும் கழுவிவிட்டு, சில நாளில் தானும் காய்ந்துவிடும். விசிறிக்கும் அடுப்புக்கும் நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கெட் கழற்றும்போதே உதிர்ந்துபோனது. எப்படியும் புதிதுதான் போட வேண்டும். விசிறிக்கு முன்னால் இருக்கும் பகுதியில் ஓட்டை இருந்தால் அறைக்காற்று உள்ளே போகும், அவ்வளவுதான். விசிறிக்குப் பிறகு வரும் பகுதியில் ஓட்டை இருந்தால் புகை அறைக்குள் வரும், அதில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் சேர்ந்து வரும். அதனால் விசிறியின் கேஸ்கெட்டிலும் புகைக்குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. இணைப்புகளுக்குச் சூடு தாங்கும் சிலிக்கான் தடவி, ஒரு நாள் முழுக்க இறுக விட்டேன்.

சரி, இனி மின்சாரப் பக்கம். இக்னைட்டர் என்பது பெல்லட்டைப் பற்றவைக்கும் சூட்டுக்குச்சி. மேலே 230 வோல்ட், 300 வாட் என்று பொறித்திருந்தது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் மின்தடை சுமார் 176 ஓம் வர வேண்டும். மல்டிமீட்டர் எதையுமே காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்துவிட்டது. புதியதை வாங்கி மாட்டும் முன் அளந்தேன், 171 காட்டியது. ஆறிய நிலையில் கொஞ்சம் குறைவாகக் காட்டுவது சகஜம். வெப்பநிலை சுவிட்சுகள் இரண்டு. அடுப்பு மிதமிஞ்சிச் சூடானால் வெட்டிவிடுவது ஒன்று, அது ஆறிய நிலையில் இணைந்தே இருக்க வேண்டும். நெருப்பு பிடித்துவிட்டதைத் தெரிவிப்பது இன்னொன்று, அது ஆறிய நிலையில் திறந்திருக்க வேண்டும். இரண்டும் நன்றாக இருந்தன.

வேக்கம் சுவிட்ச்தான் இந்த அடுப்பின் முழுக்கதையும். நாலணாக் காசைவிடக் கொஞ்சம் பெரிய வட்டப் பெட்டி. அதிலிருந்து ஒரு சிலிக்கான் குழாய் தீப்பெட்டிப் பக்கம் போகிறது. உள்ளே இழுவை போதுமான அளவு இருந்தால் சவ்வு நகர்ந்து மின்னிணைப்பைக் கொடுக்கும். என்னுடைய அடுப்பில் ஆகர் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. இழுவை குறைந்தால் ஆகர் நிற்கும், பெல்லட் விழாது, கிண்ணத்தில் இருப்பது எரிந்து தீர்ந்து நெருப்பு அணையும். புகை அறைக்குள் திரும்பாமல் இருக்கச் செய்த பாதுகாப்பு இது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ, காரணமில்லாமல் ஆகர் நிற்கிறது, விளக்கு மின்னுகிறது, போர்டு போய்விட்டது என்றுதான் தோன்றும். போர்டு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. சுவிட்சும்தான்.

குழாயைச் சுவிட்சிலிருந்து பிரித்து, அது அடுப்பில் சேரும் முனையைப் பார்த்தேன். சாம்பல் அடைத்திருந்தது. கம்பியால் குத்தி எடுத்தேன். குழாய் சுவிட்சோடு இணைந்திருக்கும்போது ஊதி அடைப்பெடுக்காதீர்கள், சவ்வு போய்விடும். குழாயும் வளைவில் வெடித்திருந்தது, புதிதாக மாற்றினேன். சுவிட்சின் முனையில் ஒரு சுத்தமான குழாயை மாட்டி, வாயால் மிக லேசாக இழுத்தேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம், மீட்டரில் பீப். விட்டதும் இன்னொரு டிக். நல்ல சுவிட்ச். இதை இரண்டு ஒயரையும் முறுக்கி நேரடியாக இணைத்து ஏமாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறங்குகிற வீட்டில் எரியும் அடுப்பு இது.

கதவின் கயிறு கேஸ்கெட் தட்டையாகிக் கல் மாதிரி இருந்தது. மிகப் பழைய அடுப்பு என்றால் கயிற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும், அதைத் தெரிந்துகொள்ளாமல் சுரண்டக் கூடாது. என்னுடையது கண்ணாடியிழை. ஆனாலும் தண்ணீர் தெளித்து, முகமூடியோடுதான் எடுத்தேன். பள்ளத்தைக் கம்பி பிரஷால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, சூடு தாங்கும் பசை விட்டு, புதுக்கயிற்றைப் பதித்தேன். இழுத்துப் பதிக்கக் கூடாது. இழுத்தால் கயிறு மெலிந்து, கதவு மூடும்போது அழுந்தாது. வெட்டும் இடத்தில் முதலில் டேப் சுற்றிவிட்டு நடுவில் வெட்டினால் நுனி பிரியாது. கதவை மூடி ஒரு நாள் விட்ட பிறகு தாள் சோதனை. ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து மூடி, இழுத்துப் பார்க்க வேண்டும். மூன்று பக்கம் கெட்டியாகப் பிடித்தது. கீல் பக்கம் கீழே மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. கீலில் ஒரு மெல்லிய வாஷர் போட்டதும் அங்கேயும் பிடித்தது.

வெளிப்புறத் துரு, பெயின்ட், கண்ணாடி எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தன. கண்ணாடியில் காய்ந்த கருமைக்கு, ஈரத்தாளில் அதே அடுப்பின் சாம்பலைத் தொட்டுத் தேய்த்ததே போதுமாக இருந்தது.

முதல் நெருப்பு. மூட்டையில் சாம்பல் 0.7 சதவீதத்துக்கும் ஈரம் 10 சதவீதத்துக்கும் மேல் போகாது என்ற ஏ1 தர முத்திரை உள்ள பெல்லட் வாங்கினேன். பெயின்ட் வாடை வரும் என்பதால் சன்னல் எல்லாம் திறந்து வைத்தோம். ஐந்தாவது நிமிடம் புகைந்து, ஏழாவது நிமிடம் பற்றிக்கொண்டது. கால் மணி நேரம் தாண்டியது, நிற்கவில்லை. ஆனால் எனக்குத் திருப்தி வரவில்லை. சுடர் உயரமாக, சோம்பலாக, ஆரஞ்சு நிறத்தில் ஆடியது. நுனியில் கரும்புகை. அரை மணி நேரத்தில் புதுக்கண்ணாடி போல் இருந்தது மங்கிவிட்டது, கிண்ணத்தில் எரியாத பெல்லட் குவிந்தது. காற்று இன்னும் எங்கோ வழி தவறிப் போகிறது.

அணைத்து, முழுக்க ஆறவிட்டு, மறுபடி அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். அடைப்பு இல்லை, கதவில் கசிவு இல்லை. மிச்சம் இருந்தது கிண்ணம் உட்காரும் இடம் ஒன்றுதான். கிண்ணத்தை எடுத்துவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் காற்றறைக்குள் ஒரு சின்ன டார்ச்சை எரியவிட்டு வைத்தேன். கிண்ணத்தை அதன் மேல் உட்கார வைத்து, அறை விளக்கை அணைத்தேன். அடித்துளைகள் வழியாக ஒளிப்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. கூடவே கிண்ணத்தின் இடது ஓரம் முழுக்க ஒரு நீளமான ஒளிக்கோடு. அத்தனை காற்றும் துளைக்குள் போகாமல் அந்தக் கோட்டின் வழியாக நெருப்பைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. கிண்ணத்தை எடுத்துப் பார்த்தால், அடி விளிம்பில் உருகி இறுகிய சாம்பல் கட்டி ஒன்று, உளுந்து அளவுதான், கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்தது. அரத்தால் ராவி எடுத்தேன். துளைகளையும் சரியான அளவு டிரில் பிட்டைக் கையால் திருகித் திறந்தேன், மெஷினில் போட்டால் துளை பெரிதாகிவிடும். மறுபடி டார்ச், மறுபடி இருட்டு. இந்த முறை புள்ளிகள் மட்டும்.

இரண்டாவது நெருப்பைப் பார்த்தபோது வீட்டில் எல்லோரும் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார்கள். சுடர் குட்டையாக, மஞ்சளும் வெள்ளையுமாக, படபடவென்று துடித்தது. கிண்ணத்தில் பெல்லட் துள்ளிக்கொண்டே இருந்தது. புகைக்குழாயின் வெளிமுனையில் கண்ணுக்குத் தெரியும் புகை இல்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் அறையில் ஒன்று, படுக்கையறைக்கு வெளியே ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டும் பூஜ்யத்தில் நின்றன. மூட்டையை எடை போட்டுப் பார்த்ததில் மிகக் குறைந்த நிலையில் மணிக்கு 700 கிராம், முழு வேகத்தில் 1.8 கிலோ பெல்லட் செலவாகிறது.

பின்பலகையின் பழைய திருகுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, புதியவற்றில் சூட்டிலும் இறுகாத பசை தடவி மாட்டியிருக்கிறேன். ஹாப்பர் மூடியின் உள்பக்கம் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு போட்டு வருகிறோம். 15 கிலோ மூட்டை 20 தீர்ந்ததும், போன வாரம் பலகையைக் கழற்றினேன். இரண்டு நிமிட வேலை. அடியில் மூன்று விரல் உயரத்துக்குச் சாம்பல், விசிறி வாயில் முழுக்கத் திறந்திருந்தது. எடுத்துச் சுத்தம் செய்துவிட்டு, தேதியை மூடியில் எழுதினேன். அடுத்த 20 கோட்டுக்கு இடம் விட்டிருக்கிறேன்.